ஆபீஸ் மெயில் சர்வருக்கு இரண்டு வருடத் திட்டம் போடுவது எப்படி?

சொந்த டொமைனில் மெயில் ஓடுகிறது. மெயிலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததைப் பெட்டியில் வைத்துக் காட்ட டவ்காட், மேலே பிரவுசரில் படிக்க ஒரு வெப்மெயில். என்றோ யாரோ நிறுவிவிட்டுப் போனார், இப்போது அது உங்கள் தலையில். ஒரு நாள் மேலிடத்திலிருந்து கேள்வி வரும்: "அடுத்த ரெண்டு வருஷத்துக்கு மெயிலை என்ன பண்ணப் போறோம்? வாட்ஸ்அப் மாதிரி நமக்கே ஒண்ணு வெச்சுக்கலாமா?" நாற்பது பேர் வேலை செய்யும் இடம் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு ஒரே பக்கத்தில் பதில் எழுதிப் பார்ப்போம்.

முதல் முறை இந்த வேலை வந்தபோது நான் புது வசதிகளைப் பட்டியல் போட ஆரம்பித்தேன். அதை அப்படியே கிழித்துப் போட வேண்டியிருந்தது. நீங்கள் வேறு முனையிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: நம் பெயரில் யாரெல்லாம் மெயில் அனுப்புகிறார்கள்?

"நம்ம சர்வர்தான்" என்று சொல்லத் தோன்றும். வெப்சைட்டின் தொடர்புப் படிவம், பில் அனுப்பும் கணக்கு மென்பொருள், செய்திமடல் அனுப்பும் வெளிச் சேவை எல்லாமே உங்கள் டொமைன் பெயரில்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். இவற்றை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் பெயரில் போகும் மெயில் அசலா என்று சரிபார்க்கும் ஏற்பாடான டிமார்க்கின் ரிப்போர்ட்டில்தான் மாட்டும் (விளக்கம் படி 4-ல்).

டிஎன்எஸ்ஸில், அதாவது உங்கள் டொமைனின் விவரங்களை வெளியே சொல்லும் பட்டியலில், டிமார்க் பதிவு ஒன்று சேர்த்து, பாலிசியை 'நன்' என்று வைத்து, ரிப்போர்ட் வரவேண்டிய முகவரியைக் கொடுங்கள். 'நன்' என்றால் எந்த மெயிலும் தடைபடாது, தகவல் மட்டும் வரும். ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் தினமும் ஒரு ஜிப் கோப்பு அனுப்பும். உள்ளே எக்ஸ்எம்எல். எந்த ஐபி முகவரியிலிருந்து உங்கள் பெயரில் எத்தனை மெயில் வந்தது, எது பாஸ், எது ஃபெயில் என்று இருக்கும்.

அப்படி ஒரு ரிப்போர்ட்டில் 14 மெயில், எஸ்பிஎஃப் ஃபெயில், டிகேஐஎம் ஃபெயில் (இரண்டும் மெயில் அசலா என்று பார்க்கும் சோதனைகள், படி 4-ல் வரும்) என்று ஒரு வரியைப் பார்த்துவிட்டு யாரோ திருட்டுத்தனம் செய்கிறார்கள் என்று இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் அது முதல் மாடி ஜெராக்ஸ் மெஷின்! ஸ்கேன் செய்ததை ஆபீஸ் பிராட்பேண்ட் வழியாக நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்தப் பட்டியலோடு இன்னொரு வரியையும் எழுதிவிடுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது, அந்த லாகின் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது? வேலையை விட்டுப் போனவரின் சொந்த முகவரி என்று தெரிந்தால் மற்ற எல்லாப் படியையும் நிறுத்திவிட்டு அதை முதலில் மாற்றுங்கள்.

படி 2: எது மாறவே கூடாது?

மெயில் முகவரி. விசிட்டிங் கார்டில், வங்கியில், வரிக் கணக்கில் எல்லாம் ஏறிவிட்ட ஒன்று அது. அதற்கு அடியில் இருக்கும் எதையும் மாற்றலாம். மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982-ல் ஆர்எஃப்சி 821 என்ற தரநிலை ஆவணமாக வந்தது, இன்றும் அதன் வழிவந்த ஆர்எஃப்சி 5321-தான் ஓடுகிறது. நடுவே எத்தனையோ மென்பொருள்கள் வந்து போயின. எனவே எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு இதை விட்டுப் போகணும்னா மெயிலை எப்படி வெளியே எடுப்பது?" சர்வரிலிருந்து மெயிலை எடுத்துப் படிக்கும் நெறிமுறையான ஐமேப் வழியாக மொத்தமாக எடுக்க முடிந்தால் சரி. விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால், அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

படி 3: வெளியே இருப்பவர்கள் வைத்திருக்கும் கெடு

உங்கள் திட்டத்தின் தேதிகளை முக்கால்வாசி நீங்கள் முடிவு செய்வதில்லை. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். நாற்பது பேர் அந்த எண்ணிக்கையைத் தொடமாட்டார்கள். ஆனால் எவ்வளவு குறைவாக அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது பாதுகாப்பான இணைப்புக்காக சர்வர் காட்டும் அடையாளச் சீட்டு. பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் அதிகபட்சம் 47 நாள் ஆகிறது. காலண்டரில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்தது. முடியப் போகிறது என்று, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிக்கொண்டிருந்த நினைவூட்டல் மெயிலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது.

இதில் நான் வாங்கிய அடி: சான்றிதழ் தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது, கோப்பும் புதிது. டவ்காட்டை ரீலோட் செய்யச் சொல்லித்தான் எங்கும் எழுதவில்லை. அது பழைய சான்றிதழையே நினைவில் வைத்துக்கொண்டு காட்டிக்கொண்டிருந்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு எல்லார் போனிலும் எச்சரிக்கை. புதுப்பித்ததும் ரீலோட் ஆகும்படி ஒரு வரி ஸ்கிரிப்ட் போதும். அதையும் திட்டத்தில் ஒரு வேலையாகவே எழுதுங்கள்.

மூன்றாவது, சர்வரின் இயங்குதளம். டெபியன் என்ற லினக்ஸ் ஓடுகிறது என்றால், அதன் 12-ஆம் பதிப்புக்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. டெபியன் 13-க்குத் தாவினால் டவ்காட் 2.4 வந்துவிடும், அதன் கான்ஃபிகரேஷன் 2.3-க்குப் பொருந்தாது. சனிக்கிழமை சாயங்காலம் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தனிச் சோதனை சர்வர் ஒன்றும் இரண்டு வாரமும் ஒதுக்குங்கள்.

படி 4: டிமார்க் ஏணி

புதியவர்களுக்குச் சுருக்கமாக: நம் கடிதம் எந்தெந்தத் தபால் நிலையத்திலிருந்து கிளம்பும் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். கடிதத்தின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை டிகேஐஎம். இரண்டுமே சரியில்லாத கடிதத்தை என்ன செய்வது என்று எதிர்முனைக்கு நாம் சொல்லும் உத்தரவு டிமார்க்.

எஸ்பிஎஃப் பதிவைச் சோதிக்க டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டக் கூடாது. வெளிச் சேவை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் பதினொன்றாகி மொத்தமும் பிழையாகும். டிகேஐஎம் சாவி 2048 பிட்டாக இருக்கட்டும். அது 255 எழுத்தைத் தாண்டும் என்பதால் டிஎன்எஸ்ஸில் இரண்டு துண்டாகப் போட வேண்டியிருக்கும். சில டிஎன்எஸ் பேனல்கள் தானே பிரித்துக்கொள்ளும், சில பேசாமல் வெட்டிவிடும். போட்ட பிறகு சரிபார்க்காமல் எழுந்து போகாதீர்கள்.

பிறகு 'நன்'-இல் இரண்டு மூன்று மாதம். ரிப்போர்ட்டில் தெரியாத பெயர் எதுவும் இல்லை என்றான பிறகு 'குவாரண்டைன்' (ஸ்பாமில் தள்ளு), கடைசியில் 'ரிஜெக்ட்' (வாங்கவே வாங்காதே). முதல் நாளே 'ரிஜெக்ட்' போட்டால் ஜெராக்ஸ் மெஷின் மட்டுமில்லை, சம்பள மெயிலும் காணாமல் போகும்.

படி 5: தமிழில் முகவரி வேண்டுமா?

ஆசையான விஷயம்தான், தொழில்நுட்பமும் தயார். ஆங்கிலமல்லாத எழுத்தில் முகவரி வைக்க வழிவிடும் ஆர்எஃப்சி 6531 வந்தது 2012-ல், போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 அதை ஏற்றது 2015-ல். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. @ குறிக்கு முன்னால் இருக்கும் பகுதிக்கு 64 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. ஆக 21 குறியீடுதான். 'கிருஷ்ணமூர்த்தி' 15 குறியீடு, 45 பைட், தாராளமாக நுழையும். 'வாடிக்கையாளர்சேவைப்பிரிவு' 25 குறியீடு, 75 பைட், நுழையாது.

பெரிய சிக்கல் எதிர்முனை. இந்த வசதி இல்லாத சர்வருக்குத் தமிழ் முகவரியிலிருந்து அனுப்பினால் மெயில் திரும்பி வரும். அதனால் தமிழ் முகவரியை ஆங்கில முகவரிக்கு இன்னொரு பெயராக வைத்து, வரும் மெயிலை வாங்க மட்டும் பயன்படுத்துங்கள். முதல் வருடத்துக்கு அதுவே போதும்.

படி 6: மெசேஜிங்

மேலிடம் கேட்டது இதைத்தான், ஆனாலும் கடைசியில்தான் வருகிறது. மேலே சொன்னது எதுவும் முடியாமல் இதைத் தொடாதீர்கள்.

மூன்று வழி இருக்கிறது. மேட்ரிக்ஸ் வசதியானது. ஆனால் அதன் சர்வர் மென்பொருளான சினாப்ஸ் பெரிய பொது அரட்டை அறைகளில் சேர்ந்தால் டேட்டாபேஸ் ஊதிப்போகும். டெல்டா சாட், இருக்கும் மெயில் சர்வரையே அரட்டைக்குப் பயன்படுத்துகிறது, புது சர்வர் வேண்டாம். எக்ஸ்எம்பிபி பழைய அரட்டை நெறிமுறை, 1999-ல் ஜாபர் என்று ஆரம்பித்தது. நாற்பது பேருக்கு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். அதற்கான சர்வர் மென்பொருளான ப்ரோசடி சின்ன சர்வரிலும் சிரமமில்லாமல் ஓடும், அரட்டை முகவரியும் மெயில் முகவரியும் ஒன்றாகவே இருக்கலாம். 2005-ல் கூகுள் டாக் எக்ஸ்எம்பிபியில்தான் வந்தது. 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் கூகுள் அந்தப் பாதையிலிருந்து விலகிப்போனது. சொந்த சர்வர் வைத்திருந்தவர்களின் முகவரி அப்படியே இருந்தது.

எதை எடுத்தாலும் நிறுவுவதற்கு முன்பே ஒன்றை எழுதி மேலிடத்திடம் கையெழுத்து வாங்குங்கள். முழு என்க்ரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டு) போட்டால், போன் தொலைந்த பிறகு "பழைய மெசேஜை எடுத்துக் கொடு" என்று கேட்டால் உங்களால் முடியாது.

படி 7: இனி அந்த ஒரு பக்கம்

மூன்று பத்தி கொண்ட ஓர் அட்டவணை வரையுங்கள்: என்ன செய்கிறோம், எந்தத் தேதிக்குள், தவறினால் எப்படித் திரும்புவது. மூன்றாவது காலியாக இருக்கும் வேலை இன்னும் திட்டத்தில் சேரவில்லை என்று அர்த்தம். உதாரணமாக, சர்வர் மாற்றம்: இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் (மெயில் எந்த சர்வருக்கு வரவேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) டிடிஎல்லை (மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாக்குங்கள், பழைய சர்வரை ஒரு மாதம் அணைக்காதீர்கள். நடுவில் சர்வர் எட்டாமல் போனாலும் அனுப்பும் முனை கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் க்யூவில் வைத்திருக்கும். அதனால் பதற வேண்டாம்.

பேக்கப்புக்கு ஒரு வரி, அதிலிருந்து ஒரு மெயில்பாக்ஸை மீட்டுப் பார்ப்பதற்கு இன்னொரு வரி. அந்த மீட்டெடுப்பை நீங்கள் செய்யாதீர்கள். நீங்கள் லீவில் இருக்கும்போது பாஸ்வேர்டு தேட வேண்டிய ஆள் யாரோ, அவரை உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள்.