'அஃபிக்ஸ்' என்றால் ஒட்டுங்கள், 'அட்டாச்' என்றால் சேர்த்துக் கொடுங்கள்

ஆங்கில விண்ணப்பப் படிவத்தில் 'அஃபிக்ஸ்' என்று இருந்தால் கோந்தை எடுங்கள். 'அட்டாச்' என்று இருந்தால் ஸ்டேப்ளரோ ஜெம் கிளிப்போ போதும்.

இரண்டையும் 'இணைக்கவும்' என்றே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் அஃபிக்ஸ் என்பது ஒன்றை இன்னொன்றின் பரப்பின் மேல் அசையாமல் பதிய வைப்பது. பாஸ்போர்ட் அளவு போட்டோ, தபால்தலை, 5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றுக்கொண்டால் ரசீதில் ஒட்டுகிற 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் எல்லாம் இந்த வகை. அட்டாச் என்பது கூடவே சேர்த்துத் தருவது. மதிப்பெண் சான்றிதழ் நகல், சாதிச் சான்றிதழ் நகல் போன்றவை. தேவைப்பட்டால் அவற்றைத் தனியாகப் பிரித்து எடுக்கலாம். போட்டோவைக் கட்டத்துக்குள் ஒட்டாமல் குண்டூசி குத்திக் கொடுத்தால், அது கழன்று விழுந்தபின் யாருடையது என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு. பின்பக்கம் பெயரும் எழுதியிருக்காது. கோந்துக்கு ஆகும் அந்த ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

சரி, இது எங்கே பொருந்தாது? கையெழுத்தையோ முத்திரையையோ அஃபிக்ஸ் செய்யச் சொன்னால் ஒட்ட எதுவும் இல்லை. கையெழுத்துப் போடவும் முத்திரை குத்தவும்தான் சொல்கிறார்கள். ஆன்லைன் படிவத்திலும் மின்னஞ்சலிலும் அட்டாச் என்றால் கோப்பைப் பதிவேற்றுவது. அப்புறம், 'ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம்' என்பதுபோல் படிவமே தெளிவாகச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.