சிறு பீங்கான் நகையில் புள்ளி விழாமல் சுடுவது எப்படி

தட்டில் கண்ணுக்கே தெரியாத புள்ளி, 10 மில்லிமீட்டர் மணியில் மச்சம்போல நிற்கும். முதலில் புள்ளியின் நிறத்தைப் பாருங்கள். கறுப்போ பழுப்போ என்றால் பெரும்பாலும் இரும்புத்துகள். நீலம் என்றால் கோபால்ட் நிறமி. வெள்ளையாகச் சொரசொரத்தால் சூளைச் செங்கல் தூள் அல்லது சூளைக்குள் அடுக்கும் தட்டில் பூசிய காப்புப் பூச்சின் செதில்.

வெள்ளைக் களிமண்ணுக்கென்று தனிப் பலகை, தனி ஸ்பாஞ்ச், தனித் தண்ணீர் வையுங்கள். சிவப்புக் களிமண் தொட்ட துணி வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த ஊசி, இரும்பு நார் பக்கத்திலேயே வரக்கூடாது. காய்ந்த மணியை உப்புத்தாளால் தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் தூசியும் பறக்காது, நுரையீரலும் தப்பும்.

கிளேஸை (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) 100 மெஷ் (அங்குலத்துக்கு 100 கண்) சல்லடையில் இருமுறை வடிகட்டுங்கள். முதல் சூட்டில் வெந்த மணியைக் கழுவி, நன்றாக உலரவிட்ட பிறகே பூச வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது சூளைக்குள்தான். ஆறிய மின்சூளையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியின் உட்புறம், சூடேற்றும் கம்பிச்சுருள் பதிந்த பள்ளங்கள், தரை என்று மேலிருந்து கீழாக வேக்குவம் பிடியுங்கள்; மெல்லிய தூசிக்கான ஃபில்டரும் முகமூடியும் அவசியம். காற்றடித்து ஊதினால் தூள் இடம் மாறுமே தவிர வெளியேறாது. மணி கோக்கும் உலோகக் கம்பியும் ஒவ்வொரு சூட்டிலும் செதில் உதிர்க்கும். அதைச் சூளைக்கு வெளியே தேய்த்துத் துடைத்த பின்பே மணிகளைக் கோத்து வையுங்கள். அடுக்கி முடித்ததும் மூடியை மெதுவாக இறக்குங்கள். தடாலென்று விழும் மூடி செங்கல் தூளை நேராக நகைமேல் கொட்டும்.