முதல் வான்கோழி: சனிக்கிழமை தொடங்கி வியாழன் வரை

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், வான்கோழி விருந்து வைக்கிற நன்றி நாள். 1863-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆப்ரகாம் லிங்கன் நாடு முழுக்க நன்றி நாள் கொண்டாடச் சொல்லி அறிவித்தார். 1941-இல் அதற்குச் சட்டமே வந்தது. இங்கே வந்த புதிதில் எங்களுக்கு அது நான்கு நாள் விடுமுறை, அவ்வளவுதான். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்து, "நம்ம வீட்ல மட்டும் ஏம்மா டர்க்கி இல்ல?" என்று கேட்ட வருடம்தான் முதல்முறையாக ஒரு வான்கோழி வாங்கி வந்தேன்.

புதன் இரவு அதை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்தேன். கோழி மாதிரிதானே, காலைக்குள் இளகிவிடும் என்று நினைத்தேன். வியாழன் காலை உறையைப் பிரித்தால் வயிற்றுக்குள் கை நுழையவில்லை, கல்லாக உறைந்திருந்தது. பச்சைத் தண்ணீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன். இந்த முறையில் ஒரு பவுண்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். என் பறவை 12 பவுண்டு. மதியம் இரண்டு மணிக்கு வந்த விருந்தாளிகள் இரவு ஒன்பதரைக்குத்தான் சாப்பிட்டார்கள்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: வான்கோழி கஷ்டமான சமையல் இல்லை. ஒரு கோழிக் குழம்பு வைக்கிற அளவுக்குக்கூட அதில் கைவேலை இல்லை. ஆனால் நாள் கணக்கு தப்பினால் எந்தக் கைப்பக்குவமும் காப்பாற்றாது. அதனால் நாள்வாரியாகவே சொல்கிறேன். எட்டுப் பேருக்கு, 12 பவுண்டுப் பறவைக்கான கணக்கு இது. தலைக்கு ஒன்றரை பவுண்டு என்று வைத்தால் மறுநாளைக்கும் மிஞ்சும்.

சனி: வாங்குதல், ஃபிரிட்ஜில் வைத்தல்

கடையில் உறையின் மேல் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். உப்புக் கரைசல் சேர்த்தது என்று போட்டிருந்தால் நாம் உப்புத் தடவ வேண்டாம். முடிந்தால் கரைசல் சேர்க்காததையே வாங்குங்கள். கூடவே இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம் என்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பறவையை ஒரு பெரிய தட்டில் வைத்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். நான்கு பவுண்டு இளக ஒரு நாள் ஆகும். 12 பவுண்டுக்கு மூன்று நாள், செவ்வாய் மாலைக்குள் தயாராகிவிடும். சீக்கிரம் இளகட்டும் என்று சமையல் மேடையில் வெளியே வைக்காதீர்கள். உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறம் சூடேறி, கிருமி பெருகத் தொடங்கிவிடும்.

செவ்வாய் இரவு: உப்பு

ருசி முழுவதும் இந்த இரவில்தான் இருக்கிறது. முதலில் வயிற்றுக்குள் கைவிட்டு கழுத்துத் துண்டை எடுங்கள். ஈரல், இரைப்பை எல்லாம் ஒரு சின்னப் பையில் போட்டு உள்ளேயே வைத்திருப்பார்கள். சில சமயம் அது கழுத்துப் பக்கத்துத் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், இரண்டு பக்கமும் தேடுங்கள். ஈரல் கசக்கும், அதைத் தனியாக வைத்துவிட்டு மற்றதைப் பத்திரப்படுத்துங்கள்.

பறவையைக் கழுவ வேண்டாம். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவித்தான் நமக்குப் பழக்கம், எனக்கும் இது மனதுக்கு ஒப்பவே இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய பறவையைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தால், தண்ணீர் தெறித்துக் கிருமி சமையலறை முழுக்கப் பரவும். உள்ளே இருப்பவற்றை ஓவன் சூடு கொன்றுவிடும். பேப்பர் துண்டால் நன்றாக ஒற்றி எடுத்தால் போதும்.

ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு (பரல் பரலாக இருக்கும் உப்பு) என்பது கணக்கு. 12 பவுண்டுக்கு இரண்டரை கரண்டி வரும். தூள் உப்பு என்றால் அதில் பாதிதான், ஏனென்றால் அது கரண்டிக்குள் நெருக்கமாக அடைந்துகொள்ளும். ஒரு கரண்டி மிளகுத்தூள் சேர்த்து, நெஞ்சுப் பகுதித் தோலை விரலால் மெல்ல விலக்கி உள்ளே தடவுங்கள். மீதியைத் தொடை, வயிறு, வெளிப்புறம் என்று எல்லா இடத்திலும். பிறகு மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த உப்புநீரைச் சதையே மறுபடி குடித்துக்கொள்ளும். இப்படி ஊறிய சதை ஓவன் சூட்டிலும் ஈரத்தை விடாது. மூடாததால் தோல் காய்ந்து, வேகும்போது மொறுமொறுப்பாகும்.

மிளகாய்த்தூள், கரம் மசாலா எல்லாம் தடவலாமா என்று கேட்பீர்கள். ஒரு வருடம் தடவினேன். மூன்று மணி நேர ஓவனில் மசாலா கருகிப் போனதோடு, தட்டில் இறங்கிய சாறும் கசந்து கிரேவிக்கு உதவாமல் போனது. காரத்துக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

புதன்: கழுத்துச் சாறு, கிரான்பெர்ரி, பூசணி பை (pie)

காலையில் அந்தக் கழுத்து, இரைப்பைத் துண்டுகளை ஒரு வெங்காயம், ஒரு கேரட், இரண்டு செலரித் தண்டோடு எட்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். வடிகட்டினால் கிரேவிக்கான சாறு தயார். நெஞ்செலும்பு சூப் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

கிரான்பெர்ரி என்பது புளிப்பான சின்னச் சிவப்புப் பழம், அதில் சாஸ் செய்வது பத்து நிமிட வேலை. 340 கிராம் பாக்கெட் ஒன்று, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். கொதித்ததும் பழங்கள் ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடிக்கும். முக்கால்வாசி வெடித்ததும் இறக்குங்கள். சூடாக இருக்கும்போது நீர்த்துத் தெரியும், பழத்திலேயே பெக்டின் இருப்பதால் ஆறியதும் தானே உறையும்.

எங்கள் வீட்டில் இன்னொரு பாக்கெட்டும் வாங்குவோம். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த வருடம், பச்சையாக ஒரு கிரான்பெர்ரியை வாயில் போட்டுக் கண்ணைச் சுருக்கினார். "நம்ம களாக்காய் மாதிரியே இருக்கேம்மா. இதைப் போய்ச் சர்க்கரையில போடுவாங்களா?" என்றார். "அப்ப நீங்களே ஏதாச்சும் பண்ணுங்க அத்தை" என்றேன். அன்று பிறந்தது இந்தத் தொக்கு:

நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு, பெருங்காயம் தாளியுங்கள். ஒரு பாக்கெட் பழத்தைப் போட்டு வதக்கினால் ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும். ஒன்றரை மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி உப்பு, நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி. வான்கோழியின் வெள்ளைச் சதை சப்பென்று இருக்கும், அதற்கு இந்தப் புளிப்பும் காரமும் அப்படிப் பொருந்துகிறது. அத்தை ஊருக்குத் திரும்பிப் பல வருடமாகிவிட்டது. தொக்கு இல்லாமல் எங்கள் மேசை நிறைவதில்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கக் குடும்பத்துக்கும் ஒரு பாட்டில் போகிறது.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பதார்த்தம் இருக்கும். அந்தப் பக்கத்து வீட்டில் பச்சை பீன்ஸ் கேசரோல் இல்லாமல் யாரும் கரண்டியைத் தொட மாட்டார்கள். 1955-இல் கேம்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலி என்ற பெண்மணி உருவாக்கியது அது. டப்பாக் காளான் சூப், பீன்ஸ், மேலே வறுத்த வெங்காயம். எனக்கு அது பெரிதாகப் பிடிக்காது, ஆனால் அவர்கள் வீட்டுப் பாட்டியின் கை அதில் இருக்கிறது என்று புரிகிறது.

பூசணி பை (pie), அதாவது மாவு ஓட்டுக்குள் இனிப்புப் பூசணி வைத்துச் சுட்டது, அதை முதல்முறை கடையில் வாங்கிவிடுங்கள். உங்கள் கவனம் பறவைமேல் இருக்கட்டும்.

விருந்தில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால், நம் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள், மூன்றைக் கவனியுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் பரப்பும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில் பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. கடையில் விற்கும் பை மாவில் சில வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். ஸ்டஃபிங் எனும் ரொட்டிக் கலவையை வான்கோழி வயிற்றுக்குள் வைத்தால் அவர்களால் தொட முடியாது. அதனால் நான் ஸ்டஃபிங்கைத் தனித் தட்டில், காய்கறிச் சாறு ஊற்றியே செய்கிறேன்: காயவைத்த ரொட்டித் துண்டு ஒரு பவுண்டு, வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் செலரியும், சேஜ் இலை, இரண்டரை கப் சாறு. தனியாக வேகவைப்பது எல்லோருக்குமே பாதுகாப்பு, வயிற்றுக்குள் வைத்தது முழுதாக வெந்ததா என்ற கவலை இல்லை.

வியாழன்: மூன்று மணிச் சாப்பாட்டுக்கு

பத்தேகாலுக்குப் பறவையை வெளியே எடுங்கள். ஓவனை 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சூடாக்குங்கள். தோல்மேல் வெண்ணெய் தடவி, நெஞ்சு மேலே இருக்கும்படி தட்டில் வைத்து, பத்தே முக்காலுக்கு உள்ளே தள்ளுங்கள். அலுமினியத் தட்டு என்றால் அடியில் கெட்டியான ஒரு தட்டைக் கொடுங்கள். கனத்தில் வளைந்து கொதிக்கும் கொழுப்பு கொட்டினால் ஆபத்து.

ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். இரண்டேகால் மணி நேரத்திலிருந்தே தெர்மாமீட்டரால் பார்க்கத் தொடங்குங்கள். நெஞ்சின் தடித்த பகுதி, தொடையின் உள்பக்கம், இறக்கையின் உள்பக்கம், மூன்று இடத்திலும் 165 டிகிரி காட்ட வேண்டும். முனை எலும்பில் பட்டால் தப்புக் கணக்கு காட்டும். நெஞ்சுத் தோல் முன்னதாகவே சிவந்துவிட்டால் அங்கே மட்டும் ஃபாயிலால் மூடுங்கள். சில பறவைகளில், வெந்ததைக் காட்டத் தானே மேலெழும்பும் பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். அதை நம்பாதீர்கள், அது எழும்புவதற்குள் நெஞ்சு உலர்ந்துபோகலாம்.

வெந்ததும் உடனே வெட்டக் கூடாது. முக்கால் மணி நேரம் அப்படியே விடுங்கள், சாறு சதைக்குள் அடங்கும். காலியான ஓவனை 350 டிகிரிக்கு ஏற்றி ஸ்டஃபிங்கை வையுங்கள். ஒரே ஓவன் உள்ள வீட்டில் இந்த முக்கால் மணி நேரம் பெரிய வரம்.

உருளைக்கிழங்கு மசியலும் இப்போதுதான். குளிர்ந்த தண்ணீரில் போட்டு வேகவைத்து, கையால் மசித்து, சூடான பாலும் வெண்ணெயும் சேருங்கள். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து உடைந்து கோந்தாகிவிடும்.

கிரேவிக்கு, வான்கோழித் தட்டில் இறங்கியதை ஒரு கிண்ணத்தில் ஊற்றினால் கொழுப்பு மேலே மிதக்கும். அந்தக் கொழுப்பில் நான்கு மேசைக்கரண்டியை வாணலியில் எடுத்து, நான்கு கரண்டி மைதா சேர்த்து, பால் டீ நிறம் வரும்வரை வறுங்கள். பச்சை வாசனை போக வேண்டும். நேற்றைய கழுத்துச் சாறு மூன்று கப்பைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விடாமல் கலக்குங்கள். தட்டில் தங்கிய சாற்றைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள், அதில் உப்பு அதிகம் இருக்கும்.

வெட்டும்போது முதலில் கால்களை மூட்டில் பிரியுங்கள். பிறகு நெஞ்செலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, ஒரு பக்கத்து நெஞ்சை முழுதாக எடுத்து, குறுக்கே துண்டு போடுங்கள். கழுத்தருகே இருக்கும் கவட்டை எலும்பை உடைக்காமல் எடுத்து வையுங்கள். அது காய்ந்ததும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பது இந்த ஊர் வழக்கம், பெரிய துண்டு வந்தவர் நினைத்தது நடக்குமாம்.

எங்கள் வீட்டில் சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் யாருக்கு நன்றி என்று சொல்வார்கள். மகள் வளர்ந்ததும் இந்த நாளின் இன்னொரு பக்கத்தையும் சொன்னோம். இந்த நாளின் தொடக்கம் என்று சொல்லப்படுவது, 1621-இல் மாசசூசெட்ஸின் ப்ளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய விருந்து. அதைப் பற்றி அவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில், அந்த மண்ணின் பழங்குடியினரான வாம்பனோவாக் மக்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தது பதிவாகியிருக்கிறது. அந்த மக்களின் நிலம் பிறகு பறிபோனது. 1970 முதல் பழங்குடியினர் இதே வியாழக்கிழமை ப்ளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். போன வருடம் மகள் தன் முறை வந்தபோது அந்த ஐந்து மான்களுக்கு நன்றி சொன்னாள்.

சாப்பிட்டு முடித்து அரட்டை நீண்டாலும், இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். நான்கு நாள் தாங்கும். எலும்புக்கூட்டை வெள்ளிக்கிழமை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் ஒரு பானை ரசம். அதற்குத் தொட்டுக்கொள்ளவும் தொக்கு கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.