மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் வேலையே இருக்கிறது

பாதத்தில் எலும்பு உடைந்தவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "கட்டு எப்போ பிரிப்பாங்க?" நானும் அதையேதான் கேட்டேன். டிசம்பர் மழையில் மேற்கு மாம்பலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் நடந்து வரும்போது, அடியில் பள்ளம் இருந்தது தெரியாமல் இடது பாதம் உள்பக்கமாக மடங்கி, சுண்டுவிரலுக்குப் பின்னால் போகும் நீள எலும்பு உடைந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த மறுநாளே வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன், ஆனால் பழையபடி நடக்க அதற்குமேல் நான்கு மாதம் ஆயிற்று. எலும்பு கூடுவது வேறு, பாதம் தேறுவது வேறு. இது முதலிலேயே தெரிந்திருந்தால் நான் பாதி நாள் அழுதிருக்க மாட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டரிடம் என்ன கேட்பது என்பதில் ஆரம்பிக்கலாம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. எது உடைந்தது, எந்த இடத்தில் உடைந்தது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். எனக்கு உடைந்த எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்முனையில் சின்னத் துண்டாகப் பிய்ந்தால் பெரும்பாலும் சுலபமாகக் கூடிவிடும், பலருக்கு வலி பொறுத்து ஊன்றி நடக்கவே அனுமதி கிடைக்கும். அங்கிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் போல முன்னால் தள்ளி உடைந்தால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, கூட நாளாகும், சிலருக்கு ஸ்க்ரூகூடப் போட வேண்டி வரும். ஆகவே பக்கத்து வீட்டு மாமா மூன்றாவது வாரமே நடந்தார் என்று நீங்களும் நடக்காதீர்கள். காலை ஊன்றலாமா, எவ்வளவு எடை கொடுக்கலாம், எத்தனை நாளைக்கு, இந்த மூன்றையும் ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகும்.

சென்னையில் கால் உடைந்தால் நாலு பேராவது புத்தூர் கட்டு, அதாவது நாட்டு வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் கட்டு, போடச் சொல்வார்கள். அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், கோபப்பட வேண்டாம். ஆனால் எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டர் பார்க்காமல் எந்தக் கட்டுக்கும் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எலும்பு விலகியிருந்தால் வெளியிலிருந்து தடவிப் பார்த்து முழுசாகச் சொல்லிவிட முடியாது. இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டமே நின்று காலுக்கே ஆபத்து வரலாம், அது மூங்கில் சிம்பாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரி மாவுக்கட்டாக இருந்தாலும் சரி. விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ போனாலும், சில்லிட்டாலும், மரத்துப்போனாலும், காலைத் தூக்கி வைத்தும் மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படித்தான், ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108 கூப்பிடுங்கள்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் எலும்பு உடைந்தாலும் வலி அவ்வளவாகத் தெரியாது. பாதம் காரணமில்லாமல் சூடாக, சிவந்து வீங்கியிருந்தால் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றே காட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் உங்கள் வேலை ஒன்றுதான்: கால் நெஞ்சுக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டூலில் காலை நீட்டி டி.வி. பார்ப்பது போதாது, படுத்துக்கொண்டு தலையணை மேல் தலையணை அடுக்கி அதன்மேல் வைக்க வேண்டும். விரல்களை மணிக்கொரு தடவை ஆட்டிக்கொண்டே இருங்கள். நம்ம ஊர் புழுக்கத்தில் கட்டுக்குள் அரிக்கும், பைத்தியம் பிடிக்கிற மாதிரி அரிக்கும். ஸ்கேல், ஊசி, சீப்புக் காம்பு எதையும் உள்ளே விடாதீர்கள், கீறல் பட்டு உள்ளே புண்ணானால் கண்ணுக்கே தெரியாது. ஃபேனை நேராகக் கட்டின் வாய்ப்பக்கம் வைத்தால் கொஞ்சம் அடங்கும். குளிக்கும்போது பெரிய பிளாஸ்டிக் கவரைச் சுற்றி மேலே டேப் ஒட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து, காலை பாத்ரூமுக்கு வெளியே நீட்டிக்கொண்டு குளியுங்கள்.

ஊன்றுகோல் வாங்கும்போது கடைக்காரர் தரும் உயரத்திலேயே எடுத்து வந்துவிடாதீர்கள். நிமிர்ந்து நின்றால் அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும், கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். எடை முழுக்க உள்ளங்கையில்தான் வர வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், ஈரமான மொசைக் தரையில் அதுதான் உங்கள் உயிர். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் முதல் மாதம் முழுக்கப் படியில் உட்கார்ந்து, பின்பக்கமாகக் கையூன்றி ஒவ்வொரு படியாகத்தான் ஏறினேன். கீழ்வீட்டு அக்கா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, விழுந்து இன்னொரு காலையும் உடைத்துக்கொள்வதுதான் பயம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். குடியுங்கள், நல்லதுதான், ஆனால் எலும்புக்கு வேண்டியது புரதமும் கால்சியமும் வைட்டமின் டி-யும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முட்டை, பால், பருப்பு, எள்ளு, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி, இதெல்லாம் தினமும் ஏதாவது ஒரு வடிவில் தட்டில் இருக்கட்டும். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த மூன்று மாதமாவது விட்டுவிடுங்கள், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

சரி, கட்டு பிரித்த நாளுக்கு வருவோம். பார்த்ததும் அதிர்ச்சியாக இருக்கும். தோல் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி செதில் செதிலாக உரியும், கெண்டைக்கால் ஒரு பிடிக்குள் அடங்கிவிடும், கணுக்கால் கதவுக் கீல் துருப்பிடித்த மாதிரி அசையவே மறுக்கும். எல்லோருக்கும் இப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள், செதிலை உரிக்காதீர்கள், தானாக உதிரும்.

என் பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத்தான் நான் கடைசி வரை விடாமல் செய்தேன். "அக்கா, கட்டைவிரலைப் பேனான்னு நினைச்சுக்கிட்டு அ-விலிருந்து ஔ வரை காத்துல எழுதுங்க" என்றாள். இ, ஔ இரண்டும் எழுதுவதற்குள் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும். அப்புறம் தரையில் துண்டை விரித்து விரலாலேயே சுருட்டி இழுப்பது, டென்னிஸ் பந்தைப் பாதத்துக்கு அடியில் உருட்டுவது. டாக்டர் எடை கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடை மெஷினை எடுங்கள். அடிபட்ட காலை மெஷினில் வைத்து, நல்ல காலை அதே உயரமுள்ள ஒரு தடிமனான புத்தகத்தில் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முள் 20 கிலோவைத் தொடும் வரை மெல்ல அழுத்துங்கள். "கொஞ்சமா ஊன்றுங்க" என்றால் எவ்வளவு என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாக ஏற்றுங்கள்.

எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு நான் வைத்திருந்த அளவுகோல் மறுநாள் காலைதான். சாயங்காலம் வீங்குவது சகஜம், மாதக்கணக்கில் வீங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்த பிறகும் வீக்கம் வற்றவில்லை, முதல் அடி எடுத்து வைக்கும்போது உடைந்த இடத்திலேயே சுருக்கென்கிறது என்றால் நேற்று அளவுக்கு மீறிவிட்டீர்கள், இன்று பாதியாகக் குறையுங்கள். காலையில் வற்றியிருந்தால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். இரண்டு மூன்று நாள் குறைத்தும் அந்த இடத்து வலி போகவில்லையென்றால் திரும்பவும் எக்ஸ்ரேதான்.

நம் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது, வீட்டுக்குள் செருப்பு போட மாட்டோம். தேறும் பாதத்துக்கு வெறுந்தரை ரொம்பக் கடுமை. என் மாமியார் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே கடைக்குப் போய் அடி தடித்த, பின்வார் உள்ள புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து, "இது வீட்டுக்குள்ள மட்டும், பூஜை ரூம்ல மட்டும் கழட்டிடும்மா" என்றார். அதைப் போட்ட வாரமே குதிகால் வலி குறைந்தது.

வண்டி ஓட்டும் ஆசை சீக்கிரம் வரும். நிறுத்தி வைத்த ஸ்கூட்டரில் உட்கார்ந்து, அடிபட்ட காலை மட்டும் ஊன்றி வண்டியின் எடையைத் தாங்கிப் பாருங்கள். தயங்கினீர்கள் என்றால் இன்னும் நாளாகும். அதுவரை ஆட்டோ, இல்லையென்றால் மெட்ரோ, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லிஃப்ட் இருக்கிறது. சம்மணம் போடுவதும் இந்தியன் டாய்லெட்டில் குத்துக்காலிட்டு உட்காருவதும் இன்னும் தாமதமாகத்தான் வரும், அதுவரை மேலே வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். கடற்கரை மணலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பெசன்ட் நகரில் மூன்று வாரம் சிமெண்ட் நடைபாதையில் மட்டும் நடந்து, சுவரைத் தொடாமல் அந்த ஒற்றைக் காலில் முப்பது எண்ணும் வரை நிற்க முடிந்த பிறகுதான் மணலில் இறங்கினேன், அதுவும் முதல் நாள் பத்தே நிமிடம்.