கிளப்பில் சேர்ந்து சிறு பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்வது எப்படி

ஒருவரோ இருவரோ ஏறிக் காற்றின் விசையால் மட்டும் ஓட்டுகிற, அடியில் கனமான எடை எதுவும் பொருத்தப்படாத சிறிய படகை டிங்கி என்கிறார்கள். பெரிய படகில் தொடங்குவதைவிட டிங்கியில் தொடங்குவது நல்லது. ஏனென்றால் இதில் செய்கிற ஒவ்வொரு காரியத்தின் விளைவும் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். கயிற்றைக் கொஞ்சம் இழுத்தால் படகு சாயும். ஒரு சாண் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் பின்பகுதி தண்ணீரில் அமிழ்ந்து வேகம் குறையும். இதைத் தனியாகக் கற்பதைவிடக் கிளப்பில் சேர்ந்து கற்பது எல்லா வகையிலும் எளிது. கவிழ்ந்தால் ஓடிவர மோட்டார் படகும், சொந்தமாக வாங்காமலேயே பழகப் பயிற்சிப் படகும், பக்கத்தில் உட்கார்ந்து தவறைச் சுட்டிக்காட்ட ஓர் ஆளும் ஒரே இடத்தில் வேறெங்கும் அமைவதில்லை.

சேர்வதற்கு முன் படகுகள் தண்ணீரில் இறங்குகிற ஒரு நாளில் போய்ச் சும்மா நின்று பார்ப்பது நல்லது. முதலில் கவனிக்க வேண்டியது பாதுகாப்புப் படகு: அது தண்ணீரில், ஆளோடு, என்ஜின் தயாராக இருக்கிறதா, அல்லது கரையில் உறைபோட்டுக் கிடக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, எவ்வளவு காற்று வீசினால் தொடக்கநிலை வகுப்பை ரத்து செய்வார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் நான் சேரமாட்டேன். கட்டணத்தில் பயிற்சிப் படகும் மிதவைச் சட்டையும் அடங்குமா, வகுப்பு முடிந்த பிறகும் கிளப் படகை எடுத்துப் பழக முடியுமா என்பதையும் விசாரிக்க வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் உறுப்பினர்களின் உழைப்பில்தான் நடக்கின்றன. பாதுகாப்புப் படகில் உதவியாளராகப் போவது, பந்தய நேரத்தைக் குறிப்பது போன்ற முறைவேலைகள் உங்களுக்கும் வரும். அவற்றைச் சுமையாக நினைக்க வேண்டாம். பாதுகாப்புப் படகில் ஒரு பிற்பகல் இருந்து பார்ப்பவர், மற்றவர்கள் எந்த இடத்தில் எப்படிக் கவிழ்கிறார்கள் என்பதை நனையாமலே தெரிந்துகொள்வார்.

எந்தப் படகில் பழகுவது என்பதை முதலில் கிளப்பே தீர்மானிக்கும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆப்டிமிஸ்ட். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் 1947இல் வடிவமைத்த இந்தச் சதுரமூக்குப் படகின் நீளம் ஏறக்குறைய 2.3 மீட்டர், 15 வயது வரையுள்ளவர்கள் இதில் போட்டியிடலாம். பெரியவர்களுக்கு, லேசர் என்ற பெயரில் புகழ்பெற்று இப்போது ஐஎல்சிஏ என்று அழைக்கப்படுகிற ஒருவர் படகு உலகெங்கும் உண்டு. 4.2 மீட்டர் நீளமுள்ள அதே உடலில் மூன்று அளவுப் பாய்களைப் பொருத்தலாம் என்பதால், எடை குறைந்தவர் சிறிய பாயோடு தொடங்கலாம். ஆனாலும் முதல் சில வாரங்களுக்கு முன்பாயும் பெரிய பாயும் உள்ள இருவர் படகில், அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாளாகப் போவதே சிறந்தது என்பது என் கருத்து. சுக்கானைப் பற்றிக் கவலைப்படாமல் காற்றையும் சமநிலையையும் மட்டும் கவனிக்க அப்போது வாய்ப்புக் கிடைக்கும்.

உடை விஷயத்தில் ஒரு விதி போதும்: காற்றின் வெப்பத்துக்காக உடுத்தாமல், தண்ணீரின் வெப்பத்துக்காக உடுத்துங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளிலும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் நனைந்த சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போகும். அத்தகைய இடங்களில், நனைந்தாலும் உடற்சூட்டைக் காக்கிற வெட்சூட் உடை வேண்டும். மூடிய, வழுக்காத காலணி அவசியம். மிதவைச் சட்டையில் இரண்டு வகை உண்டு. 50 நியூட்டன் மிதப்புள்ள சட்டை, நீந்தத் தெரிந்தவர் அசைந்து வேலை செய்ய இடங்கொடுக்கும்; டிங்கிக்கு வழக்கமாக அணிவது இதுதான். 150 நியூட்டன் உள்ள லைஃப் ஜாக்கெட் மயங்கியவரைக்கூட மல்லாந்து திருப்பும் நோக்கத்தில் செய்யப்பட்டது என்றாலும், கவிழ்ந்த படகுக்கு அடியிலிருந்து வெளிவர முயல்பவருக்கு அது இடைஞ்சலாகும். எதை அணிந்தாலும் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிப் பார்க்கட்டும். அது காது வரை ஏறினால் இறுக்கம் போதவில்லை.

கரையில் பாயையும் பாய்மரத்தையும் பொருத்திப் படகைத் தயார்செய்கிற வேலையை யாரோ செய்து தரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். படகின் முன்முனையைக் காற்று வரும் திசைக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பாயை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் பாய் காற்றைப் பிடித்துத் தள்ளுவண்டியோடு படகையே சாய்த்துவிடும். பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்குமேல் மின்கம்பி ஏதும் இல்லையென்று பாருங்கள். உலோகப் பாய்மரம் மின்கம்பியில் உரசி உயிர் போன சம்பவங்கள் உண்டு. பாயைக் கட்டுப்படுத்தும் முக்கியக் கயிறான மெயின்ஷீட்டின் கடைசி நுனியில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டால் அது கப்பியிலிருந்து உருவிக்கொண்டு போகாது. படகின் பின்பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் துளைக்கு ஒரு சிறிய அடைப்பான் இருக்கும். அதைப் போட மறந்து படகை இறக்குவது புதியவர்கள் மட்டும் செய்கிற தவறில்லை. சுக்கான் கழன்று போகாமல் தடுக்கிற சிறு கொக்கி பிடித்திருக்கிறதா என்பதையும் விரலால் தொட்டே உறுதிசெய்ய வேண்டும். எட்டு முடிச்சோடு, இறுகாத கண்ணி போடுகிற போலைன் முடிச்சையும், வளையத்தில் படகைக் கட்டுகிற இரட்டைச் சுற்று முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகினால் தொடக்கத்துக்குப் போதும்.

தண்ணீருக்குள் இறங்குமுன் காற்றைப் பாருங்கள். தொடங்குபவருக்கு ஏற்றது 5 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்) வரையிலான காற்று. காற்றின் பலத்தை எண்களால் குறிக்கிற பியூஃபோர்ட் அளவீட்டில் மூன்றாம் எண்ணான 7 முதல் 10 நாட் காற்றில் திறந்த நீர்ப்பரப்பில் ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டும். 11 நாட்டுக்கு மேல் நான்காம் எண்ணுக்குப் போனால் நுரை அடிக்கடி தெரியும். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் அன்று புதியவருக்குக் கரைதான் வகுப்பறை. இதைவிட ஏமாற்றக்கூடியது கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று. கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல் தட்டையாக இருக்கும். அதை நம்பிப் போனவரைக் காற்று வெளியே தள்ளிக்கொண்டே போகும், திரும்பும் வழி முழுக்கக் காற்றை எதிர்த்து வர வேண்டியிருக்கும். இடி கேட்டால் யோசிக்காமல் கரையேறிவிடுங்கள்.

முதலில் கற்க வேண்டியது நிறுத்துவது. படகுக்குப் பிரேக் இல்லை. ஆனால் காற்று பக்கவாட்டில் வரும்படி படகை வைத்துக்கொண்டு மெயின்ஷீட்டைக் கையிலிருந்து தளர்த்திவிட்டால் பாய் படபடத்து, விசை போய், படகு தானாக நின்றுவிடும். பயம் வந்தவுடன் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்வதே மனித இயல்பு. டிங்கியில் அந்த இயல்புதான் கவிழ்க்கிறது. திடீர்க் காற்று மோதும்போது கயிற்றைச் சற்றே விடுகிற பழக்கம் கையில் ஊறும்வரை வேறெந்த வித்தைக்கும் அவசரம் வேண்டாம். நல்ல பயிற்சியாளர்கள் முதல் வகுப்பு முழுவதையும் பக்கக் காற்றில் போய், நின்று, திரும்பி வருவதிலேயே செலவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் முதல் நாளே மிதவைகளைச் சுற்றிவரச் சொல்கிறவரிடம், இந்தப் பயிற்சியை ஒருமுறை செய்துவிட்டுப் போகலாமா என்று நீங்களே கேட்கலாம்.

பாயை எவ்வளவு இழுப்பது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பாயின் முன்விளிம்பு படபடக்கத் தொடங்கும்வரை கயிற்றை விடுங்கள். பிறகு படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். திசை மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் காற்று ஒருபோதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அதிகமாக இழுக்கப்பட்ட பாய் பார்வைக்கு அமைதியாக இருக்கும். படகோ சாய்ந்தபடி மெதுவாக ஊரும். புதியவர்களின் படகு ஓடாததற்கு நான் பார்த்தவரையில் முதற்காரணம் இதுதான்.

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகாலும் போக முடியாது. அந்தத் திசையின் இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரை பாய் வேலை செய்யாது. அதனால் எதிர்க்காற்றில் போக வேண்டுமென்றால் குறுக்கும் நெடுக்குமாக வளைந்துதான் ஏற வேண்டும். அப்படி ஏறும்போது, படகின் நடுவிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற நடுப்பலகையை முழுவதும் இறக்கிவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் படகு முன்னேறுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நழுவும். ஒவ்வொரு வளைவிலும் முன்முனையைக் காற்றின் ஊடாகத் திருப்புகிற செயலை டேக்கிங் என்கிறார்கள். படகு நல்ல வேகத்தில் இருக்கும்போது, சுக்கானின் பிடியான டில்லரை உங்களிடமிருந்து அப்பால், சீராகத் தள்ளுங்கள். பாயின் அடிமரமான பூம் தலைக்குமேல் வரும்போது குனிந்து, முகம் முன்னோக்கியிருக்க மறுபக்கத்துக்குப் போங்கள். டில்லரின் நுனியில் இணைந்த நீட்டுக்கோலைப் பிடித்த கை முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். புதிய பக்கத்தில் உட்கார்ந்து, படகு நேரான பிறகே கை மாற்றுங்கள். உட்காருமுன் கை மாற்ற முயல்வதால்தான் கயிறும் டில்லரும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நடுவழியில் வேகம் போய்ப் படகு காற்றுக்கு நேராகச் செத்துப்போனதுபோல் நின்றுவிட்டால், பூமைக் கையால் ஒருபக்கம் தள்ளிப் பிடித்து, படகைப் பின்னோக்கி நகரவிட்டுத் திருப்பிக்கொள்ளலாம்.

பின்காற்றில் போகும்போது திரும்புவதை ஜைபிங் என்பார்கள். இதில் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சில் பாயும். மண்டையில் பட்டால் வகுப்பு அன்றோடு முடிந்தது. காற்று பலமாக இருந்து உங்களுக்குத் துணிச்சல் வரவில்லையென்றால், ஜைபுக்குப் பதிலாக எதிர்ப்பக்கம் முழுவட்டமாகச் சுற்றி ஒரு டேக் போட்டுக்கொண்டு அதே திசைக்கு வரலாம். இதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் பலத்த காற்றில் இதையே செய்வார்கள்.

கவிழ்வதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிச்சயம் கவிழ்வீர்கள். தானாகக் கவிழும்வரை காத்திராமல், பயிற்சியாளர் அருகிலிருக்கும்போது வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். தண்ணீரில் விழுந்தவுடன் முதல் வேலை, துணையாள் வெளியே இருக்கிறாரா என்று குரல்கொடுத்து உறுதிசெய்வது. இரண்டாவது, எக்காரணத்துக்காகவும் படகை விட்டு நீந்திப் போகாமலிருப்பது. கரை அருகில் தெரிந்தாலும் படகோடு இருப்பவரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடியும். மெயின்ஷீட், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பூட்டில் மாட்டியிருந்தால் விடுவித்துவிடுங்கள். விடுவிக்காத பாய் நிமிர்ந்ததும் காற்றைப் பிடித்து மீண்டும் உங்களைத் தள்ளிவிடும். பிறகு படகின் பின்புறமாகச் சுற்றிப்போய், அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடியுங்கள். பாய்மரம் காற்று வரும் பக்கம் நோக்கிக் கிடந்தால், முன்முனை காற்றைப் பார்க்கும்வரை படகைத் திருப்பிய பின்பே நிமிர்த்துவது நல்லது. பலகையின் மேல் ஏறும்போது அதன் வேர்ப்பகுதியில், படகின் உடலோடு ஒட்டிய இடத்தில் கால் வையுங்கள். நுனியில் நின்றால் பலகை உடையும். படகின் விளிம்பைப் பிடித்து, முதுகை நிமிர்த்திப் பின்னால் சாயுங்கள். சில நொடிகளுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பாயின் மேல் தேங்கிய தண்ணீர் வடிய அவ்வளவு நேரம் ஆகிறது. இருவர் படகானால், ஒருவர் பலகையில் நிற்க, மற்றவர் படகுக்குள் பக்கவாட்டில் மிதந்தபடி இருந்தால், நிமிரும்போது அவரையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். படகு முழுவதுமாகத் தலைகீழாகிவிட்டாலும் இதே வழிதான், கொஞ்சம் அதிக நேரமும் மூச்சும் தேவைப்படும். மூன்று முறை முயன்றும் நிமிரவில்லையென்றால் கையசைத்துப் பாதுகாப்புப் படகைக் கூப்பிடுங்கள். களைத்த பிறகு கூப்பிடுவதைவிட முன்பே கூப்பிடுவதைத்தான் அவர்களும் விரும்புவார்கள்.

மற்ற படகுகளோடு மோதாமலிருக்க மூன்று விதிகள் போதும். வெவ்வேறு பக்கத்தில் காற்றை வாங்கி வரும் இரண்டு பாய்மரப் படகுகளில், இடப்பக்கம் காற்று வாங்குவது விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகு விலக வேண்டும். முந்துகிற படகு எப்போதும் விலக வேண்டும். பெரிய கப்பல்களிடம் உரிமை பேசாமல், அவை போகும் வழியிலிருந்து நீங்களே ஒதுங்கிவிடுங்கள்.

தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வர முடிகிற நிலை வந்ததும், கிளப் பந்தயங்களில் கடைசி ஆளாகவாவது கலந்துகொள்ளுங்கள். தொடக்கத்துக்கு 5 நிமிடம், 4 நிமிடம், 1 நிமிடம் முன்பாகக் கொடியும் ஒலியும் வரும். அந்த ஐந்து நிமிடமும் நெரிசலில் படகை நிறுத்தி, நகர்த்தி, மறுபடி நிறுத்தி வைப்பதில் கிடைக்கும் பழக்கம் பல வாரத் தனிப்பயிற்சிக்குச் சமம்.

சொந்தப் படகு வாங்குவதை ஒரு பருவம் முழுதும் ஓட்டிப் பார்த்த பிறகு யோசிக்கலாம். கிளப்பில் ஏற்கெனவே பலர் வைத்திருக்கும் ரகத்தையே வாங்குங்கள். உதிரிப்பாகமும் ஆலோசனையும் அருகிலேயே கிடைக்கும். பழைய படகைப் பார்க்கப் போனால் உள்ளங்கையால் அடிப்பகுதியை அங்கங்கே அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கும் இடம் உள்ளே நைந்த இடம். பாய்மரம் ஊன்றும் குழியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் காத்திருந்து பாருங்கள். நீர்மட்டம் இறங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.