ஸ்டீயரிங் ரேக்: முதலில் ரப்பரைப் பாருங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்

ஸ்டீயரிங்கில் ஆட்டம், குழியில் இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். உடனே "ரேக் போயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் போயிருப்பது ரேக் இல்லை. அதன் முனையில் இருக்கும் டை ராட் எண்டாக இருக்கும், அல்லது ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் உள்ள ஜாயின்ட்டாக இருக்கும். இரண்டையும் ரேக்கைத் தொடாமலே மாற்றிவிடலாம்.

ரேக் என்பது பல் வெட்டிய நீளமான கம்பி. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஷாஃப்ட்டின் அடியில் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் அந்தக் கம்பியை இடமும் வலமும் தள்ளும். கம்பியின் இரு முனையிலும் இருக்கும் டை ராட் சக்கரத்தைத் திருப்பும். ரேக்கோடு சேரும் பக்கம் உள் டை ராட், சக்கரத்தோடு சேரும் மூட்டு டை ராட் எண்ட். முனைகளை மூடி, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். இது கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் கெடும், கம்பி துருப்பிடிக்கும், ஆயிலில் இயங்கும் ரேக்காக இருந்தால், அந்தத் துரு ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை அறுத்துவிடும். ரேக்குக்குப் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் இந்த உறையைப் பார்ப்பதுதான். ஆயில் மாற்றக் காரைத் தூக்கும்போதெல்லாம் மடிப்புகளை விரித்து, இடுக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எது போயிருக்கிறது?

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஒருவர் ஆட்டட்டும். நீங்கள் டை ராட் எண்டின் மேல் விரலை வையுங்கள். அங்கே தட்டினால் எண்ட் மட்டும்தான் கெட்டிருக்கிறது. அடுத்து ரப்பர் உறையை அழுத்திப் பிடியுங்கள். உள்ளே 'டக் டக்' என்றால் உள் டை ராட். ரேக் முழுதுமே பக்கவாட்டில் நகர்ந்தால், அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. 12, 6 இடங்களில் பிடித்தாலும் ஆடுகிறதா? அப்போது வீல் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ சந்தேகப்படுங்கள்.

ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் என்றால் ரப்பர் உறையைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது. அதுவும், பல் தேய்ந்து நடுவில் வரும் ஆட்டமும்தான் ரேக்கை மாற்றச் சரியான காரணங்கள்.

கழற்றுவது

சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, ஸ்டீயரிங்கை அசையாமல் பூட்டுங்கள். சீட் பெல்ட்டை அதற்குள் விட்டு இறுக்கிக் கட்டினாலும் போதும். இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். முதல்முறை ரேக் மாற்றியபோது நான் இதைச் செய்யவில்லை. ஷாஃப்ட்டைக் கழற்றிய பின் எதையோ எடுக்கக் காருக்குள் ஏறினேன். பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஏறியதில் அது ஒரு சுற்று சுற்றிவிட்டது. எல்லாம் மாட்டி முடித்து ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பியபோது உள்ளே சன்னமாக ஒரு 'சரக்'. ஹாரன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கு அணையவில்லை. ஸ்டீயரிங்குக்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் என்று சுருட்டி வைத்த நாடா வயர் இருக்கும். நடு மாறினால் அறுந்துவிடும். இரண்டு நிமிட சோம்பேறித்தனத்துக்கு இன்னொரு பாகம் வாங்கினேன்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். டை ராட் எண்டின் லாக் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எண்ட் சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஸ்பிளிட் பின்னை எடுத்து, அங்கிருக்கும் நட்டை இரண்டு மூன்று மறை மிச்சம் வைத்துத் தளர்த்தி, புல்லர் என்ற இழுப்பான் போட்டு எண்டை விடுவியுங்கள். மிச்சம் வைத்த நட், எண்ட் எகிறி வராமல் பிடித்துக்கொள்ளும்.

ஷாஃப்ட்டும் பினியனும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அங்கிருக்கும் போல்ட்டை முழுதாக உருவ வேண்டும். தளர்த்தினால் மட்டும் ஷாஃப்ட் வராது. ஹைட்ராலிக் என்றால் அடியில் தட்டு வைத்து, பைப்களைக் கழற்றி, வாய்களை அடைத்துவிடுங்கள். கடைசியாக ரேக்கைத் தாங்கும் போல்ட்கள். சில கார்களில் சப்ஃபிரேமை (முன்பக்க அடிச்சட்டத்தை) கொஞ்சம் இறக்கினால்தான் ரேக் வெளியே வரும். அப்படி என்றால், முதல்முறை செய்பவர்கள் தனியாக இறங்க வேண்டாம்.

புதியதை மாட்டுவது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பினியனை ஒரு கோடி முதல் மறுகோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். அதில் பாதி திருப்பி வந்தால் ரேக் நடுவில் நிற்கும். அந்த நிலையிலேயே மாட்டுங்கள். பழைய ரேக்கிலிருந்து டை ராட் எண்டைச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதில் அத்தனை சுற்று ஏற்றுங்கள்.

போல்ட் எல்லாவற்றையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் கார் மேனுவலில் இருக்கும் அளவுக்கு முறுக்குங்கள். ஸ்பிளிட் பின், பைப் வாஷர், ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போடுங்கள்.

ஹைட்ராலிக்கில் மேனுவல் சொல்லும் ஆயிலை ஊற்றி, சக்கரங்கள் தூக்கிய நிலையில், என்ஜினைப் போடாமல் கோடிக்குக் கோடி 15 முதல் 20 தடவை மெதுவாகத் திருப்புங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் டேங்க்கில் அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் என்ஜினைப் போட்டு இன்னும் சில தடவை. ஆயில் நுரைத்து வெளுத்தால் காற்று இன்னும் இருக்கிறது. அணைத்துவிட்டு, அடங்கியதும் மறுபடி செய்யுங்கள். கோடியில் அழுத்திப் பிடித்தபடி நிற்காதீர்கள், பம்ப் சூடாகும். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் இந்த வேலை இல்லை. பதிலுக்குப் பல கார்களில் ஸ்கேனர் வைத்து ஸ்டீயரிங் சென்சாரின் நடுவைப் பதிய வேண்டியிருக்கும்.

ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். அலைன்மென்ட் முடிந்ததும் குனிந்து ரப்பர் உறையைப் பாருங்கள். டை ராடைச் சுற்றும்போது உறையும் கூடவே முறுக்கிக்கொள்ளும். அதன் சின்ன கிளிப்பைத் தளர்த்தி, முறுக்கை எடுத்துவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் புது உறையே முறுக்கிய மடிப்பில் கிழியத் தொடங்கும்.