'வெனீரே' என்ற ஒற்றை வினையைக் கொண்டு ரோமான்ஸ் மொழிகளைப் பிடிப்பது எப்படி?

ஸ்பானிஷும் இத்தாலியனும் சேர்த்துப் படிக்கிறவர்கள் வினை அட்டவணையைத் தனித்தனியாக உருப்போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு தாளை எடுங்கள். 'வருதல்' என்ற ஒரே வினையை லத்தீனிலும் அதிலிருந்து பிறந்த ரோமான்ஸ் மொழிகளிலும் வரிசையாக எழுதுங்கள்: லத்தீனில் வெனீரே, இத்தாலியனிலும் வெனீரே, பிரெஞ்சில் வெனீர், ஸ்பானிஷில் பெனீர், ருமேனியனில் வெனி, போர்ச்சுகீஸில் வீர். கடைசியது மட்டும் ஏன் இவ்வளவு குட்டை? இரண்டு உயிரொலிக்கு நடுவில் இருந்த ன-வைப் போர்ச்சுகீஸ் பழங்காலத்திலேயே உதிர்த்துவிட்டது. லத்தீன் 'லூனா' (நிலா) அங்கே 'லுவா' ஆனதும் அப்படித்தான்.

அடுத்த வரியில் 'வருகிறேன்'. இத்தாலியனில் வெங்கோ, ஸ்பானிஷில் பெங்கோ, போர்ச்சுகீஸில் வேஞு. நம்மிடம் ஞ இருப்பதால் அந்த ஒலி வாய்க்குச் சுலபமாக வரும்.

அடுத்தது 'வருவேன்'. இந்த எதிர்கால வடிவத்தில்தான் நிதானம் வேண்டும். பேச்சு லத்தீனில் 'வெனீரே' என்பதோடு 'ஹபேயோ' (என்னிடம் இருக்கிறது) சேர்ந்து, நாளடைவில் ஒட்டிப்போய், எதிர்கால வடிவம் ஆனது. ஒட்டியபோது நடுவிலிருந்த உயிரொலி விழுந்து, ன-வும் ர-வும் முட்டிக்கொண்டன. ஸ்பானிஷ் நடுவில் ஒரு த-வைச் செருகி 'பெந்த்ரே' என்றது. பிரெஞ்சும் அப்படியே, 'வியேந்த்ரே'. இத்தாலியனோ ன-வை ர-வாகவே மாற்றி 'வெர்ரோ' என்றது. 'மூன்று' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; நடுவில் நாக்கு ஒரு கணம் அடைத்துத் திறக்கிறதல்லவா, 'பெந்த்ரே'யிலும் அதேதான். ருமேனியன் இந்த வழிக்கே வரவில்லை. முன்னால் துணைவினை வைத்து 'வோய் வெனி' என்கிறது.

அப்புறம் பயன்பாடு. யாராவது கூப்பிட்டால் நாம் 'இதோ வர்றேன்' என்போம். இத்தாலியனிலும் 'வெங்கோ' என்றே சொல்லலாம். ஸ்பானிஷில் அப்படிச் சொல்லக் கூடாது. 'யா போய்', அதாவது 'போகிறேன்' என்பதுதான் சரி. அங்கே 'பெனீர்' பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கி மட்டுமே வரும். தமிழர்கள் இதை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது.

சரி, தாள் நிரம்பியதும் பக்கத்திலேயே 'தெனேரே'யை (பிடித்தல்) எழுதுங்கள். ஸ்பானிஷில் தெங்கோ, தெந்த்ரே, இத்தாலியனில் தெங்கோ, தெர்ரோ, போர்ச்சுகீஸில் தேஞு. பொருள் மட்டும் ஸ்பானிஷிலும் போர்ச்சுகீஸிலும் 'வைத்திருத்தல்' என்று நகர்ந்திருக்கும். வடிவங்களைப் பார்க்காமலே உங்களால் எழுத முடியும்.